இனிஷியலில் ஓர் ஊர்

அமெரிக்காவுக்குப் போய் வந்த என் சித்தி மகன் நூற்றுப் பதினான்கு போட்டோ அனுப்பியிருந்தான். அதில் பாதிக்கு மேல் அவனுடைய ஷூ.

பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஹாலிவுட் நடைபாதையில் நின்று எடுத்த படங்கள் அவை. 'வாக் ஆஃப் ஃபேம்' என்று பெயர். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளத்துக்கு, தெருவின் இரண்டு பக்கமும் தரையில் நட்சத்திரம் பதித்திருக்கிறார்கள். கருநிறத் தரை, ரோஜா நிற நட்சத்திரம், உள்ளே பித்தளை எழுத்தில் ஒரு பெயர். பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு முத்திரை. சினிமாக்காரர் என்றால் காமிரா, பாடகர் என்றால் இசைத்தட்டு, ரேடியோ என்றால் மைக், டி.வி. என்றால் டி.வி. பெட்டி. மேடைக் கலைஞர் என்றால் சிரிக்கிற முகமூடியும் அழுகிற முகமூடியும். 2,700 நட்சத்திரங்களுக்கு மேல் இருக்கின்றன. பெயரோடு சேர்த்து போட்டோ எடுக்க வேண்டுமென்றால் கீழே குனிந்துதான் எடுக்க வேண்டும். ஷூ விழாமல் என்ன செய்யும்?

பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? 'இதற்கெல்லாம் யார் பில் கட்டுகிறார்கள்?' என்றுதான் முதலில் பார்த்தேன். யார் சிபாரிசு செய்கிறார்களோ அவர்கள்தான் கட்ட வேண்டுமாம். படக் கம்பெனி கட்டலாம், ரசிகர் மன்றம்கூடக் கட்டலாம். 1980இல் 2,500 டாலராக இருந்த கட்டணம் இப்போது 75,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம்மூர்க் கணக்கில் அறுபது லட்சத்துக்கு மேல். ஃபிக்ஸட் அசெட்தான், ஆனால் தேய்மானம் போட முடியாது. திருட்டுக்கு மட்டும் ஒரு காலம் ஒதுக்கி வைக்கலாம். 2005இல் கிரிகரி பெக்கின் நட்சத்திரத்தை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கான்கிரீட்டை ரம்பம் போட்டு அறுத்திருக்கிறார்கள்! நம்மூர் ஆட்கள் இன்னும் மேன்ஹோல் மூடியைத் தாண்டவில்லை.

அரசியலும் உண்டு. ஆரம்பத்தில் சார்லி சாப்ளினுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் அரசியல் பிடிக்கவில்லையாம். 1972இல்தான் மனசு மாறினார்கள். மிக்கி மவுஸுக்கு 1978இல் கிடைத்தது. எலிக்கு இருக்கிற மரியாதை!

இந்தப் படங்களை என் மாமாவிடம் காட்டினேன். அம்மாவின் அண்ணன். விழுப்புரத்தில் இருக்கிறார். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு ஷூவாகப் பார்த்தார்.

"என்னாடா மாப்ளே, பேரைப் போய் கால்ல மிதிக்கறானுங்க?"

"அங்க அதான் மாமா மரியாதை."

"நல்ல மரியாதை!"

மாமாவுக்கு அமெரிக்காவிலேயே ஒரு துணை உண்டு. முகமது அலி. நபியின் பெயரைத் தாங்கிய தன் பெயர் காலில் மிதிபடக் கூடாது என்று குத்துச்சண்டை வீரர் சொல்லிவிட்டார். 2002இல் அவருடைய நட்சத்திரத்தை மட்டும் சுவரில் பதித்தார்கள். இதைச் சொன்னதும் மாமா, "மனுஷன்!" என்றார். அடுத்த கேள்வி எனக்குத் தெரிந்ததுதான்.

"சிவாஜிக்கு இருக்குதா?"

"இல்ல மாமா. நம்ம நாட்டு ஆளுங்கன்னா, மைசூர்ல யானைப்பாகன் மகனாப் பொறந்து ஹாலிவுட் படத்துல நடிச்ச சாபுவுக்கு 1960லயே கொடுத்துட்டாங்க. 2026 லிஸ்ட்ல தீபிகா படுகோன் பேரு வந்திருக்கு."

"சரி, வுடு. அவன் ஊரு, அவன் பிளாட்பாரம்." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "தலைவரை அடையாறுக்குத் தூக்கிட்டுப் போனதுக்கப்புறம் நான் போய்ப் பாக்கவே இல்லடா."

மாமா 'தலைவர்' என்றால் அது ஒருவர்தான். இந்தப் பாசத்துக்கு ஒரு காரணம் படங்கள். இன்னொரு காரணம் இனிஷியல். சிவாஜி கணேசன் 1928 அக்டோபர் 1ஆம் தேதி பிறந்தது விழுப்புரத்தில். வி.சி.கணேசன் என்பதை விழுப்புரம் சின்னையா கணேசன் என்றுதான் எங்கள் பக்கம் விரித்துப் படிப்போம். அப்பா சின்னையா மன்றாயர் ரயில்வேக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். 'சிவாஜி' என்பது பெரியார் கொடுத்த பட்டம். அண்ணா எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததற்குக் கொடுத்தது. ஆக, பாதிப் பெயர் மராட்டிய மன்னருக்கு, இனிஷியல் எங்கள் ஜங்ஷனுக்கு. ரயில்வேக்காரர் பிள்ளை என்பதால் மாமா அவரைப் பங்காளி லிஸ்டில் சேர்த்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை கிளம்பினோம். மாமா விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி எனக்கு ஜன்னல் சீட் போட்டுவைத்தார். நான் திண்டிவனத்தில் ஏறினேன். நடுவே முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நான்கு ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் தனக்கு வணக்கம் சொன்னதாக மாமா சொன்னார். நம்பலாம்.

எங்கள் இரண்டு ஊருக்கும் ஒரு குணம் உண்டு. யாரும் இங்கே வருவதில்லை. எல்லோரும் இந்த வழியாகப் போகிறார்கள். திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று அர்த்தம் சொல்வார்கள். திந்திரிணி என்றால் புளி. இப்போது அது பஸ் காடு. சென்னை, திருச்சி, புதுச்சேரி, செஞ்சி என்று எந்தப் பக்கம் போகிற பஸ்ஸும் இங்கே மூச்சுவிட்டுத்தான் போகும். பஸ் நிற்பதற்குள் வெள்ளரிப் பிஞ்சும் வேர்க்கடலையும் ஜன்னலுக்கு வந்துவிடும். விழுப்புரம் அதற்கும் மேல். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிறது. தமிழ்நாட்டில் பாதிப் பேர் விழுப்புரத்தைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்திருப்பார்கள். "டீ... காபி..." என்று ஒரு குரல் கேட்டிருக்கும். அவ்வளவுதான் விழுப்புரம்.

தாம்பரத்தில் மாறி, கிண்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்தோம்.

"சிவாஜி மணிமண்டபம்."

"சிவாஜி வூடா? தி.நகர்ல கீது."

"மணிமண்டபம்பா. அடையாறு."

"அதுவா? சத்யா ஸ்டுடியோ எதுர்ல. அப்டி சொல்லு."

மாமா என்னைப் பார்த்தார். சத்யா ஸ்டுடியோ எம்.ஜி.ஆருடையது. இப்போது அந்த இடத்தில் அவர் பெயரும் ஜானகி அம்மாள் பெயரும் சேர்ந்த பெண்கள் கல்லூரி இருக்கிறது. "பாத்தியா, தலைவர் எங்க குடி போனாலும் எதிர் வூட்டுல அவரு இருக்காரு" என்றார் மாமா. கோபமெல்லாம் இல்லை. அறுபதுகளில் இரண்டு மன்றத்துக்கும் நடந்த சண்டையில் மாமாவின் சைக்கிள் ஒன்று போனது, அவ்வளவுதான்.

சிலை அடையாறுக்கு வந்த கதையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சிவாஜி 2001 ஜூலை 21 அன்று காலமானார். ஐந்து வருஷம் கழித்து, அதே ஜூலை 21இல், மெரினாவில் காமராஜர் சாலையும் ராதாகிருஷ்ணன் சாலையும் சந்திக்கிற இடத்தில், காந்தி சிலைக்கு எதிரே அவருக்குச் சிலை வைத்தார்கள். அப்போது முதல்வராக இருந்த கருணாநிதி திறந்துவைத்தார். 'பராசக்தி'க்கு வசனம் எழுதியவர் கையால் திறப்பு. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஆனால் சிலை போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று வழக்கு வந்தது. அகற்றச் சொல்லி 2014இல் ஐகோர்ட் உத்தரவிட்டது. 2017 ஆகஸ்டில் ஒரு நள்ளிரவில் கிரேன் வந்தது. விடிந்தபோது பீடம்கூட இல்லை. அந்த வருஷம் அக்டோபர் 1, அவர் பிறந்தநாளன்று, அடையாறு மணிமண்டபம் திறக்கப்பட்டது. சிலைக்கு அங்கே புது வீடு.

உத்தரவில் தப்பு சொல்ல மாட்டேன். அந்தச் சந்திப்பில் ஆபீஸ் நேரத்தில் ஒரு தடவை ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும். மெரினாவில் சிலைகள் நகர்வதும் புதிதில்லை. கண்ணகி சிலையே 2001 டிசம்பரில் போய் 2006 ஜூனில் திரும்பி வந்தது. மதுரையை எரித்தவருக்கே அந்தக் கதி.

மண்டபத்தில் அன்று கூட்டமில்லை. சுத்தமாக இருந்தது. வரிசையாகப் போட்டோக்கள். மாமா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று படத்தின் பெயரையும், எந்தத் தியேட்டரில் எத்தனை தடவை பார்த்தார் என்பதையும் சொன்னார். 1962இல் அமெரிக்க அரசு அழைத்துப் போனபோது நயாகரா நகரின் ஒரு நாள் கௌரவ மேயராக இருந்தாரே, அதை வாட்ச்மேனிடமே விளக்கினார். 'தெய்வமகன்' 1969இல் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் போனது. "மூணு வேஷம்டா. அப்பன், ரெண்டு புள்ளை. அந்த பிளாட்பாரத்துல தனித்தனியா மூணு நட்சத்திரம் வெச்சிருக்கணும்."

கடைசியாகச் சிலை. மாமா செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு அருகே போனார். காலைத் தொட வேண்டும் என்று ஆசை போலிருக்கிறது. பீடம் உயரம், கை எட்டவில்லை. எக்கிப் பார்த்தார். அவருக்கு இடது முழங்கால் ஒத்துழைக்காது. பீடத்தின் கல்லையே இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் போட்டோ எடுக்கலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார்.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் பேசினார்.

"நல்லாத்தான் வெச்சிருக்காங்க. மழை வெயில் படாது. காக்கா உக்காராது. ஆனா..."

"ஆனா?"

"பீச்சாண்ட இருந்தப்ப, உங்க அத்தை ஆஸ்பத்திரிக்கு வருஷத்துல பத்து தடவை வந்தேன்டா. பஸ்ஸு அந்தத் திருப்பத்துல திரும்பும். ஜன்னல்ல தலைவர் தெரிவார். அவளும் எட்டிப் பாப்பா. அதுக்குன்னு எங்கயும் இறங்கல, காசு கொடுக்கல. இப்ப அவளும் இல்ல, அவரும் அங்க இல்ல. இனிமே பாக்கணும்னா உன்ன மாதிரி ஒரு ஆளு லீவு போட்டுக் கூட்டிட்டு வரணும்."

எனக்குச் சித்தி மகனின் போட்டோக்கள் ஞாபகத்துக்கு வந்தன. அந்த நடைபாதையின் விசேஷம் பித்தளையிலும் இல்லை, ரோஜா நிறத்திலும் இல்லை. அது வழியில் இருக்கிறது. காய்கறி வாங்கப் போகிறவரும், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவரும் சாப்ளினைத் தாண்டித்தான் போகிறார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. யாரும் வழக்குப் போட்டு நகர்த்தவில்லை. நாமோ ஒருவர் மேல் பிரியம் வந்தால் உடனே அவரை மேலே தூக்குகிறோம். தூக்கினால் மறைக்கும். மறைத்தால் கிரேன் வரும். அப்புறம் மண்டபம் கட்டி உள்ளே வைத்தால், பார்க்கத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டியிருக்கிறது. மும்பைக்காரர்கள் 2012இல் பாந்த்ரா கடற்கரையோரம் நட்சத்திரங்களின் கைத்தடங்களை வைத்து அமெரிக்க பாணியில் ஒரு பாதை திறந்தார்கள். நாம் தி.நகரில் ஒரு ரோட்டுக்கே செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று பெயர் வைத்தோம். ஆட்டோவில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "தெற்கு போக் ரோடா சார்?" என்பார்.

எழும்பூருக்குப் போகிற வழியில் மெரினா பக்கமாகப் போகச் சொன்னார் மாமா. அந்தத் திருப்பத்தில் அவர் கை தானாக ஜன்னல் பக்கம் நீண்டது. அங்கே ரோடு இருந்தது. ஆட்டோ நிற்கவில்லை. சிக்னல் பச்சை.

புதுச்சேரி வண்டியில் உட்கார்ந்ததும் என் யோசனையைச் சொன்னேன். விழுப்புரம் ஜங்ஷனில் பிளாட்பாரத் தரையில் ஒரு நட்சத்திரம். ஒன்றே ஒன்று. இரண்டு முத்திரை போட வேண்டும்: காமிரா ஒன்று, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர் என்பதால் முகமூடி ஒன்று. செலவு ஒரு கிரானைட் பலகை, கொஞ்சம் பித்தளை. அறுபது லட்சமெல்லாம் வேண்டாம், அறுபதாயிரத்துக்குள் முடித்துவிடலாம் என்று எஸ்டிமேட்டே சொன்னேன்.

மாமா நேராக ஒத்துக்கொள்ளவில்லை. "மிதிப்பாங்களேடா" என்றார். மேல்மருவத்தூர் வரைக்கும் அதையே யோசித்தார். ஒலக்கூர் தாண்டியதும் தொண்டையைக் கனைத்தார்.

"எந்த பிளாட்பாரம்?"

"முதல் பிளாட்பாரம்தான் மாமா. டிக்கெட் கவுண்டர் தாண்டினதும்."

"ம்ஹூம். அங்க பார்சல் மூட்டையைப் போட்டு மறைச்சிடுவான். அந்த ஆளுங்களை எனக்குத் தெரியும். தண்ணிக் குழாய் பக்கமும் வேணாம், பாசி புடிக்கும். படிக்கட்டு இறங்கி வர்ற இடம் இருக்குது பாரு, அதுக்கு நாலு அடி தள்ளி. எல்லா வண்டிக்காரனும் அதத் தாண்டித்தான் போவணும்."

"சரி மாமா."

"பித்தளைய ஸ்குரூ போடக் கூடாது. உள்ள வெச்சு கான்கிரீட் போடச் சொல்லு."

"சரி."

"பேரு எப்படிப் போடுவ? சிவாஜி கணேசன்னா?"

"ஆமா."

"வி.சி.ன்னு இனிஷியல் போடணும்டா. அது இல்லாம எதுக்கு விழுப்புரத்துல வெக்கிற?"

வண்டி திண்டிவனத்தில் நின்றது. நான் இறங்கியும் மாமா ஜன்னல் வழியாக விடவில்லை. வருஷா வருஷம் அக்டோபர் ஒண்ணாந் தேதி யார் புளி போட்டுத் துலக்குவது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. "புளி உங்க ஊர்லருந்து வரட்டும்!" என்று கத்தினார்.