ஹூப்ளியின் நெடிய நடைமேடை

வடகர்நாடகத்திற்குப் பிழைப்பை நாடி வந்த நம்மவர்க்கு ஹூப்ளி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இரயில் நிலையமே. தென்மேற்கு இரயில்வேயின் தலைமையகம் இவ்வூரில்தான் இருக்கிறது. சித்தாரூட சுவாமிகளின் திருப்பெயர் தாங்கிய இந்நிலையத்தில், 1,507 மீட்டர் நீளமுள்ள நடைமேடை 2023 மார்ச்சில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவரை கோரக்பூருக்கு இருந்த முதலிடம் இதற்கு வந்தது. அந்தக் கோடிவரை ஒருமுறை போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர் நடந்தவராவோம்.

இங்கே எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு அந்த நீளமே மருந்தாயிற்று. முப்பத்து மூன்றாம் வயதில் என் எடை 112 கிலோ. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறேன் என்று மருத்துவர் எச்சரித்தார். அன்று முதல் பணி முடிந்ததும் நடைமேடையில் நடந்தேன். ஞாயிறுதோறும் நிருபதுங்கக் குன்றில் ஏறினேன். சோற்றைக் குறைத்து, இவ்வூரார் உண்ணும் சோள ரொட்டிக்கு மாறினேன். தார்வாடு பேடாவுக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் விடை கொடுத்தேன். இரண்டு ஆண்டுகளில் 38 கிலோ குறைந்தது.

இவையெல்லாம் கணக்கில் அடங்கும், மனம் அடங்காது. இன்றும் இரயில் பெட்டியின் நடைவழியில் எதிரே ஒருவர் வந்தால், இடம் தாராளமாக இருக்க, நான் பக்கவாட்டில் திரும்பி ஒடுங்குகிறேன். துணிக்கடையில் பெரிய சட்டையையே கை தேடுகிறது. உடம்பு புது ஜாகைக்குக் குடி போய்விட்டது. மனம் இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கிறது. மெலிந்த உடம்பில் பசி முன்னிலும் கூடுமென்று மருத்துவர் சொன்னார். ஆகவே எடை பார்க்கும் ஒவ்வொரு காலையிலும் உள்ளூர ஓர் அச்சம்.

மற்றொன்றும் உண்டு. முன்பு என் உருவத்தைச் சொல்லி அழைத்தவர்கள் இன்று பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அருகில் அமரச் சொல்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆயினும் அந்தப் பருத்த மனிதனும் இதே மேசையில் இதே வேலையைத்தானே செய்தான், அவனுக்கு ஏன் இந்த மரியாதை கிட்டவில்லை என்று நெஞ்சு கேட்கிறது.

சென்ற ஆண்டு சாளுக்கியா எக்ஸ்பிரசில் திருநெல்வேலிக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்ட அம்மா கண் கலங்கினாள். "இப்படி இளைத்துப் போய்விட்டாயே ஐயா! அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா?" என்றாள். அத்தை, சர்க்கரை வியாதியோ என்றாள். சித்தப்பா, வேலையில் ஏதும் தொல்லையோ என்று தனியே அழைத்து விசாரித்தார். நம் வீடுகளில் இளைப்பு என்பது துயரத்தின் சொல்லாகவே வழங்கி வருகிறது. வெளியூர் போன பிள்ளை மெலிந்தால் அவன் பட்டினி கிடந்தான் என்றே பெற்றவள் கொள்வாள். தான் ஊட்டி வளர்த்த உடம்பு கரைந்ததில் அவளுக்கும் ஓர் இழப்பு உண்டென்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. மருத்துவச் சீட்டைக் காட்டிய பிறகும் இரண்டு தோசை கூடுதலாகவே வைத்தாள். மறுக்க நா எழவில்லை.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது நம் பழமொழி. இந்நாட்டிலோ சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் கலந்து எல்லோருக்கும் கொடுத்து, இதைத் தின்று நல்ல வார்த்தை பேசுங்கள் என்பார்கள். எங்கள் அடுத்த வீட்டுக் கன்னடப் பாட்டியும் ஆண்டுதோறும் கொண்டுவருவார். நான் பருத்திருந்தபோதும் மெலிந்தபின்னும் அவர் கேட்டது ஒன்றே: "ஆராம் இதீரி?" சுகமாக இருக்கிறீர்களா என்பது அதன் பொருள்.

நம் சங்கக் குடும்பங்களில் யாரேனும் உருவம் மாறி வந்தால், என்ன வியாதி என்று வினவுவதற்கும், அடையாளமே தெரியவில்லை என்று வியப்பதற்கும் முன்பாக, பாட்டியின் அந்தக் கேள்வியைக் கேட்போமாக. பதில் சொல்ல அவருக்குச் சிறிது நேரமும் கொடுப்போமாக.