எத்தனை வாட் என்று கேட்காதே

கும்மிடிப்பூண்டி

அன்புத் தோழிக்கு,

உன் புதுவீட்டில் கட்டுவேலை முடிந்து, பூச்சுக்கு முன்னால் எலக்ட்ரீசியன் சுவரைக் கொத்தப் போகிறாராமே! அத்தை போனில் சொன்னார்கள். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும்.

எங்கள் எதிர்வீட்டுக் கதையைக் கேள். ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், ஓரமெல்லாம் நீல ஸ்ட்ரிப் லைட். கிரகப்பிரவேசத்தன்று தெருவே வாய் பிளந்தது. ஆனால் அந்த அம்மா அரிசியில் கல் பொறுக்க முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்குத்தான் வருகிறார்! சமையலறையில் ஒரே பல்பு, அதுவும் முதுகுப் பக்கம். மேடை முன்னால் நின்றால் அவர் நிழலே அரிவாள்மனை மேல் விழுகிறது. இத்தனை செலவழித்த பிறகு யாரிடம் சொல்ல முடியும்? என்னிடம் மட்டும் சொன்னார், நான் உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

எங்க வீட்டுக்காரருக்கு சிப்காட் கம்பெனியில் சேஃப்டி வேலை இல்லையா, லக்ஸ் மீட்டர் எப்போதும் பையில் கிடக்கும். அவர் சொல்வது இதுதான்: வாட் என்பது பல்பு தின்னும் கரண்ட். அது கக்கும் வெளிச்சம் லூமன். ஒரு சதுர மீட்டரில் வந்து விழுவது லக்ஸ். ஒரே வாளித் தண்ணீரை வாசல் முழுக்கத் தெளிப்பதற்கும் ஒரு செடிக்கு ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமன் தரும். இன்றைய 9 வாட் எல்இடி 900 வரை தருகிறது. 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் வந்து எல்இடி வீடு வீடாகப் பரவியும், கடையில் போய் நாம் இன்னும் "எத்தனை வாட்?" என்றுதான் கேட்கிறோம்.

நீயே கணக்குப் போடு. பத்துக்குப் பத்தடி அறை 9.3 சதுர மீட்டர். 900 லூமனும் சிந்தாமல் தரைக்கு வந்தாலும் 100 லக்ஸ் தேறாது. சுவரும் சீலிங்கும் பங்கு கேட்டது போக ஏறக்குறைய பாதிதான். பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைக்கு ஐஎஸ் 3646 தரம் சொல்வது 300 லக்ஸ் அளவு. அதற்காக நாலு பல்பு மாட்ட வேண்டாம். பல்பைப் பாதித் தூரத்துக்கு இறக்கினால் அதற்கு நேர் கீழே நாலு மடங்கு வெளிச்சம்.

வீட்டில் இது சிரமம், தொழிற்சாலையில் ஆபத்து. இங்கே ரோலிங் மில்லில் பழுக்கச் சிவந்த கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆளுக்கு, எதிரே கிடக்கும் பொருள் சட்டென்று தெரியாதாம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். லேத் பட்டறைக் கதை இன்னும் பயங்கரம். சோக் வைத்த பழைய ட்யூப் லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் துடிப்பும் சுழலும் வேகமும் ஒத்துப்போனால், இரும்பைப் பிடித்துச் சுழலும் சக் நின்றுவிட்டது போலத் தோன்றும். நம்பிக் கையை விட்டால் தீர்ந்தது! அதனால்தான் அடுத்தடுத்த லைட்டுகளை வேறு வேறு ஃபேஸில் கொடுப்பார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, போதிய வெளிச்சம் வேண்டும் என்பதோடு நிற்கவில்லை; கண் கூசக் கூடாது, விபத்துக்கு வழிவைக்கும் நிழலும் விழக் கூடாது என்றது. மில்லில் நிற்கிற ஆம்பளைக்கு இருந்த சட்டம், அரிவாள்மனை முன்னால் நிற்கிற நமக்கு எங்கேடி இருக்கிறது?

இன்னொன்று. அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். எதிர்வீட்டு மாமியார் ஊசியில் நூல் கோக்கத் திணறினால், "கண்ணாடியை மாத்துங்க" என்கிறாள் மருமகள். மாற்ற வேண்டியது விளக்கை!

ஆகவே, எலக்ட்ரீசியனிடம் கறாராகச் சொல்: சமையல் மேடைக்கு மேல், கப்போர்டு அடியில், உன் முகத்துக்கு முன்பக்கமாக ஒரு பாயிண்ட். அத்தை பூத்தொடுக்கும் மூலையில் ஒன்று. வலக்கையால் எழுதுகிற பிள்ளைக்கு மேசையின் இடப்பக்கம் ஒன்று. சுவருக்கு வெள்ளை அடி. விழுகிற வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தரும். பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் லூமனைப் பார். பூச்சு முடிந்த பின் சுவரைக் கொத்தினால் கூலி தனி, குப்பை தனி, உன் வீட்டுக்காரர் முணுமுணுப்பு தனி. இந்த வாரமே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் பிரிய சிநேகிதி