அருவிக்குப் போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை: திருப்புடைமருதூர்

நெல்லைக்காரர்களுக்கு லீவு நாள் என்றாலே குற்றாலம்தான். அங்கே கூட்டம் என்று கேள்விப்பட்டால் பாபநாசம் அகஸ்தியர் அருவி, அதுவும் சரிப்படாவிட்டால் மணிமுத்தாறு. சாரல் காலத்தில் மூன்று இடத்திலும் தலை நனைக்க வரிசையில் நிற்க வேண்டும். தண்ணீர் கூடிவிட்டால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். போன வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியதுதான். அப்படி அம்பாசமுத்திரம் சாலையில் போய்வருகிறவர்கள் வீரவநல்லூரில் கொஞ்சம் வடக்கே திரும்பினால் ஒரு முழுக் காலைப் பொழுதுக்கான ஊர் இருக்கிறது: திருப்புடைமருதூர்.

திருநெல்வேலியிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடை, சேரன்மகாதேவி, நாதஸ்வர மேதை அருணாசலத்தின் காருகுறிச்சி என்று வழியெல்லாம் தெரிந்த பெயர்கள். வீரவநல்லூரில் தறிச் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அந்த ஊர்ச் செடிபுட்டா சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ரயிலில் வருகிறவர்கள் நெல்லை–தென்காசி பாதையில் வீரவநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். சாலையோரம் கன்னடியன் கால்வாய் பாயும் வயல்கள். ஜூனில் அணை திறந்தால் கார் சாகுபடி, ஐப்பசி மழையோடு பிசானம் என்று ஆண்டின் பெரும்பகுதி பச்சைதான். பக்கத்திலேயே இருக்கிறது ஹரிகேசநல்லூர், முத்தையா பாகவதரின் ஊர்.

கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் இருக்கிறது நாறும்பூநாதர் கோயில். அம்மன் கோமதி. தலமரம் மருதம். மருதத்தைத் தலமரமாகக் கொண்ட மூன்று பெருந்தலங்களாக ஆந்திரத்து ஸ்ரீசைலத்தையும் தஞ்சைப் பக்கத்துத் திருவிடைமருதூரையும் இந்த ஊரையும் சேர்த்துச் சொல்வார்கள். மூலவர் லிங்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். வெள்ளம் போனபோது ஆற்றைக் கடக்க முடியாத கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று கூப்பிட, அதைக் கேட்க சுவாமி தலையைச் சாய்த்தார் என்பது ஊர்க்கதை. தைப்பூசத்தன்று ஆற்றில் தீர்த்தமாட வரும் கூட்டத்தில் ஊர் நிரம்பி வழியும். மற்ற நாட்களில் பிரகாரத்தில் நிதானமாக நடக்கலாம்.

இந்தக் கோயிலின் பெரிய செல்வம் கிழக்கு ராஜகோபுரத்துக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஊர்க் கோபுரத்தையும் போன்ற ஐந்து நிலைக் கோபுரம். உள்ளே ஏறினால் நிலைக்கு நிலை நாயக்கர் கால மூலிகை வண்ண ஓவியங்கள் சுவர் முழுக்க விரிகின்றன. இடையிடையே நுணுக்கமாகச் செதுக்கிய மரத்தூண்களும் போதிகைகளும். திருவிளையாடல், ராமாயணம், தசாவதாரம் மட்டும் இல்லை. கப்பலில் குதிரைகளை ஏற்றிவரும் அரபு வணிகர்கள் இருக்கிறார்கள். யானை, குதிரை, ஈட்டிக்காரர்கள் மோதும் போர்க்காட்சி இருக்கிறது. விஜயநகரத்து அச்சுததேவராயரின் படைக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் 1532-இல் தாமிரபரணிக் கரையில் நடந்த போர்தான் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரசர்களின் சண்டையை இந்தப் பக்கத்து மக்கள் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. மேல்நிலைகளுக்குப் போகக் கோயில் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி கிடைத்தால் சுவரில் கை வைக்காமல், சாயாமல், ஃபிளாஷ் போடாமல் பாருங்கள். பல இடங்களில் வண்ணம் உதிரும் நிலையில்தான் இருக்கிறது.

கோபுரத்தை விட்டு வெளியே வந்தால் காது முதலில் விழித்துக்கொள்ளும். ஆற்றங்கரை மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கொக்கு, இராக்கொக்கு, நீர்க்காகம் என்று கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டியிருக்கும். நவம்பர், டிசம்பரில் தொடங்கி கோடை வரைக்கும் இனப்பெருக்கக் காலம். குஞ்சுகளின் இரைச்சலும் மீன் வாடையும் எச்சமும் சேர்ந்ததுதான் கொக்குக் குடியிருப்பு. அதைச் சகித்துக்கொண்டு பறவைகளை விரட்டாமல் பாதுகாத்துவந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2002-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயம், தேசியப் பூங்கா தவிர ‘பாதுகாப்புக் காப்பகம்’ என்ற புதிய வகையைக் கொண்டுவந்தது. மக்களைக் கலந்து அறிவிக்க வேண்டும், மேலாண்மைக் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதி இருக்க வேண்டும் என்பது அதன் சிறப்பு. அந்த வகையில் நாட்டிலேயே முதலாவதாக 2005 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது திருப்புடைமருதூர்தான். பரப்பு 2.84 ஹெக்டேர், அதாவது சுமார் 7 ஏக்கர். வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று தேடிப் போகிறவர்கள்கூட இந்த 7 ஏக்கரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2011 முதல் நெல்லை, தூத்துக்குடி நீர்நிலைகளில் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவை பார்க்கும் ஆசை வந்தால் அதில் சேர்த்துவிடலாம்.

போவதற்கு நல்ல காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. விடிந்ததும் பறவைகள், பிறகு கோயில் என்று வைத்துக்கொண்டால் நடை சாத்தும் முன் எல்லாம் பார்த்துவிடலாம். சின்ன ஊர், பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்க முடியாது. கட்டுச்சோறு கொண்டு போங்கள், இல்லையென்றால் வீரவநல்லூருக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ திரும்பிச் சாப்பிடுங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அமைதியாகத் தெரிந்தாலும் இரண்டு நதி கூடும் இடம். அணையில் தண்ணீர் திறந்த நாட்களில் இழுப்பும் ஆழமும் கண்ணுக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் காட்டும் துறையில் மட்டும் இறங்குங்கள், பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம்.

ஒரு வார்த்தை இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாபநாசத்தில் பரிகாரம் என்ற பெயரில் பழந்துணிகளை ஆற்றில் விட்டுவிட்டு வரும் வழக்கம் தாமிரபரணிக்குப் பெரும் சுமையாகிவிட்டது. ஒரு துணி, ஒரு ஷாம்பு உறை, ஒரு பிளாஸ்டிக் இலைகூடத் திருப்புடைமருதூர்த் துறையில் விழக் கூடாது. கூடுகளுக்குக் கீழே வெடி, ஒலிபெருக்கி, ட்ரோன் மூன்றும் வேண்டாம். அருவி தருகிற ஆரவாரம் இங்கே கிடைக்காது. நின்று பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு நெல்லைச் சீமையில் இதைவிட நிறைவான அரை நாள் வேறில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் தடை என்று செய்தி வந்தால் வருத்தப்படாமல் வீரவநல்லூரில் வடக்கே திரும்புங்கள்.