பச்சைமலையில் பிள்ளை நடை

விடுமுறை என்றதும் நம் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேளாங்கண்ணி. மலை காண வேண்டுமாயின் ஏற்காடு, கொடைக்கானல் எனத் தொலைவிலுள்ள ஊர்களையே எண்ணுகிறோம். பெரம்பலூருக்கு மேற்கே, நாள்தோறும் நம் கண்ணெதிரே நீலக் கரை கட்டினாற்போல் கிடக்கும் பச்சைமலையை நடந்து கண்டவர் நம்முள் மிகச் சிலரே. நாமும் அண்மைக் காலம் வரை அக்குறை உடையவராகவே இருந்தோம். கடந்த கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்த நாள்களில், நம் பங்குக் குடும்பம் ஒன்றுடன் அம்மலையடியில் நடந்து திரும்பும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

தந்தை, தாய், பாட்டி, நான்கு வயது நிரம்பாத ஆண் குழந்தை எனச் சிறிய குடும்பம் அது. தந்தை, இப்பங்கில் நாம் உதவிக் குருவாய் இருந்த நாள்களில் பீடச் சிறுவனாகப் பணி செய்தவர். இப்போது வளைகுடா நாடொன்றில் வேலை. பிள்ளை தவழத் தொடங்கிய நாளில் சென்றவர், மூன்று ஆண்டுகள் கழித்து விடுப்பில் வந்திருந்தார். "உன் அப்பா எங்கே?" என்று யாரேனும் கேட்டால், கைப்பேசியைச் சுட்டிக்காட்டியே அச்சிறுவன் பழகியிருந்தான். நேரில் வந்து நின்ற மனிதரை அவன் கதவின் பின்னாலிருந்து பார்த்தான். இருபது நாள்கள் கடந்தும் அவர் கைக்கு அவன் செல்லவில்லை.

"சாமி, பொங்கலுக்கு முன்னே நான் விமானம் ஏறணும். பையனுக்கு நினைவில் நிற்கிற மாதிரி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகணும். நீங்களும் வாங்க" என்றார். பாட்டிக்கோ இதில் உடன்பாடு இல்லை. "கோயிலுக்குப் போனாலும் புண்ணியம் உண்டு. மலைக்குப் போய் என்ன சாமி பண்றது?" என்று கேட்டார். திருத்தந்தை பதினோராம் பயஸ் இளங்குருவாய் இருந்தபோது ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் ஏறியவர் என்பதையும், 1923-ஆம் ஆண்டில் புனித பெர்னார்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தவர் அவரே என்பதையும் சொன்னோம். 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட பியர் ஜார்ஜோ பிரசாத்தி என்னும் இளைஞரும் மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டவரே என்றோம். பாட்டி முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆயினும் புளிச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

டிசம்பர் 27-ஆம் நாள் காலை, ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருமுன் செபித்துப் பயணத்தைத் தொடங்கினோம். திருக்காவலூர் என்னும் அழகிய பெயரை இவ்வூருக்கு ஈந்த வீரமாமுனிவர், புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் தேம்பாவணி பாடியதை வாசகர்கள் அறிவர். கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம் காடும் மலையும் கடந்து எகிப்துக்கு நடந்து செல்வது அக்காவியத்தின் ஒரு பகுதி. குடும்பப் பயணத்தைத் தொடங்க இதனினும் ஏற்ற இடம் வேறு உண்டோ!

அரியலூரைச் சுற்றியுள்ள நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. இன்று சிமெண்டு ஆலைகளுக்குச் செல்லும் சுண்ணாம்புக்கல், அக்கடலில் படிந்து இறுகியதே ஆகும். கடல்வாழ் உயிர்களின் கல்லான உருவங்களை வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். நாம் அன்று பிற்பகல் சாத்தனூர் சென்றோம். அங்கே 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று நிலத்தில் படுத்துக் கிடக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்தார். இதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் என்று கணித்துள்ளனர்.

"மரம் ஏன் கல்லாச்சு?" என்று சிறுவன் பாட்டியிடம் கேட்க, பாட்டி நம்மைப் பார்த்தார். நீரில் அடித்துவரப்பட்ட மரம் சேற்றில் புதையுண்டது. காற்றுப் படாமையால் அது மட்கவில்லை. நீரில் கரைந்திருந்த கனிமங்கள் துளித்துளியாய் மரத்துள் புகுந்து, மரம் இருந்த இடத்தில் கல்லாய் நின்றன. இவ்வாறு நாம் விளக்கி முடிப்பதற்குள், தந்தை மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். இருட்டுவதற்குள் பெரம்பலூர் சேர வேண்டுமல்லவா? பிள்ளையைக் கல்மரத்தின் முன் நிறுத்திப் படம் எடுக்க முயன்றார். பிள்ளை பாட்டியின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

 மறுநாள் விடியற்காலையில் பெரம்பலூரில் திருப்பலி நிறைவேற்றினோம். சூசையப்பர் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட்ட செய்தியே அன்றைய நற்செய்தி வாசகம். பின்னர் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் வயல்களைக் கடந்து லாடபுரம் அடைந்தோம். ஊருக்கு மேற்கே மலை. மலைச்சரிவில் மயிலூற்று அருவி. வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்திருந்ததால் அருவியில் நீர் விழுகிறது என்று ஊரார் கூறினர்.

பச்சைமலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலைமேல் வாழும் பழங்குடியினர்க்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயரே அன்றி, அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் மரபு. மரவள்ளியும் சாமையும் பலாவும் அவர்கள் விளைபொருள்கள்.

தந்தை அன்றைய பொழுதைக் கணக்கிட்டு வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு அருவி, பத்தரைக்குத் திரும்புதல், நண்பகலில் ரஞ்சன்குடிக் கோட்டை. ஆனால் சிறுவனுக்கு வேறு கணக்கு இருந்தது. மரவட்டை ஒன்று சுருண்டு காசு போல் ஆவதைக் கண்டு உட்கார்ந்தான். அது மறுபடியும் நீளும் வரை எழ மறுத்தான். எறும்புகள் இறகொன்றை இழுத்துச் செல்லும் வழியில் தானும் சென்றான். கூழாங்கற்களைப் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் நிரப்பினான். பாரத்தால் கால்சட்டை இறங்க, ஒரு கையால் அதனைப் பிடித்துக்கொண்டு நடந்தான். "வா, வா, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று தந்தை முன்னே சென்று அழைத்தார். நாமும் அவ்வாறே அழைத்தோம் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும் என்ற எண்ணமே நமக்கும் இருந்தது.

பாறைகள் தொடங்கும் இடத்தில் தந்தை பிள்ளையைத் தூக்க முற்பட்டார். அவன் கதறினான், அவர் மார்பில் உதைத்தான். தாய் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். தந்தை ஒன்றும் பேசாமல் வேகமாய் முன்னே நடந்துவிட்டார். தாய் ஒரு பாறைமேல் அமர்ந்து, சற்று நேரம் கழித்து, நம்மைப் பாராமலே மெல்லக் கேட்டார்: "இன்றைக்குப் பூசையில் வாசித்தீங்களே சாமி. சூசையப்பர் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கிட்டுத்தானே போனார்?"

இறையியல் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கு அருகில் மறையுரை ஆற்றியவர் நாம். ஆயினும் அவ்வினாவுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. வீட்டுக் கடனும் பாட்டியின் மருத்துவச் செலவும் நாம் அறிந்தவையே. அவர் விரும்பிப் பிரிந்தவர் அல்லர் என்பதை அந்தத் தாயும் அறிவார்.

அவ்வேளையில் ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் மந்தையுடன் அவ்வழியே வந்தார். பிறந்து இரண்டொரு நாளே ஆன குட்டி ஒன்றைத் தோளில் சுமந்திருந்தார். திரும்பி வந்துகொண்டிருந்த தந்தை, மந்தைக்கு வழிவிட்டு நின்று, "என்ன பெரியவரே, இவ்வளவு மெதுவாக ஓட்டுறீங்க?" என்று கேட்டார். "குட்டி போட்ட ஆடுங்க தம்பி, விரட்டினா தாங்காது" என்றார் முதியவர். பிறகு, அழுது சிவந்த சிறுவனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளையோட வந்தா பிள்ளை நடைதான் நடக்கணும். அருவி எங்கே போயிடப் போவுது?" என்று சொல்லியவாறு மந்தையின் பின்னே சென்றார்.

நமக்குத் தொடக்க நூலின் 33-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. இருபது ஆண்டுப் பிரிவுக்குப் பின் சந்தித்த ஏசா, சேர்ந்தே செல்வோம் என்று யாக்கோபை அழைக்கிறார். யாக்கோபு மறுக்கிறார். பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகள் பாலூட்டுபவை, ஒரு நாள் விரட்டினாலும் மந்தை மடிந்துபோகும். ஆதலால் நீர் முன்னே செல்லும், நான் பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப மெல்ல வருகிறேன் என்கிறார். பலமுறை வாசித்த பகுதிதான். ஆயினும் யாக்கோபின் இச்சொல்லில் ஒரு தந்தை பேசுகிறார் என்பது, அந்த மந்தையைக் கண்ட பின்னரே நமக்கு விளங்கிற்று. இதனை அத்தந்தையிடம் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, பாறைகளின் நடுவே ஓடிய சிற்றோடையில் கால் நனைத்து அமர்ந்தார்.

சற்று நேரத்தில் சிறுவன் தாயின் மடியிலிருந்து இறங்கினான். பையிலிருந்த கூழாங்கற்களை ஓடைக்குக் குறுக்கே ஒவ்வொன்றாய் வைத்தான். கற்கள் போதவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தான். அருகில் இருந்தவர் தந்தை ஒருவரே. "அந்தக் கல்லு கொண்டா" என்றான். தந்தை எழுந்து கொணர்ந்தார். "இது இல்ல, பெரிசு" என்றான். பெரியதைக் கொணர்ந்தார். இங்ஙனம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அவ்விருவரும் அணை கட்டினர். நீர் கற்களின் இடுக்கு வழியே கசிந்து சென்றுகொண்டே இருந்தது. "இந்தத் தண்ணி எங்கே போவுது?" என்றான் பிள்ளை. தந்தை நம்மைப் பார்த்தார். "கீழே ஏரிக்குப் போகும். இந்த மலையில் பிறக்கிற மருதையாறு, பெரம்பலூரையும் அரியலூரையும் தாண்டிப் போய்க் கொள்ளிடத்தில் சேரும், நேற்று நாம் செபித்த மாதா கோயிலும் கொள்ளிடத்துப் பக்கந்தான்" என்று கூறினோம். தந்தை அதனைப் பிள்ளைக்குத் தம் சொற்களில் மீண்டும் ஒரு முறை சொன்னார்.

நாங்கள் அருவியைக் காணவில்லை. மரங்களுக்கு அப்பாலிருந்து அதன் ஓசையை மட்டும் கேட்டவாறு புளிச்சோறு உண்டோம். கோட்டையையும் காணவில்லை. இறங்கும்போது சிறுவனின் கால்கள் தளர்ந்தன. தாய் கை நீட்டினார். அவனோ அவரைக் கடந்து சென்று, முன்னே நடந்த தந்தையின் முழங்காலைத் தட்டி, "தூக்கு" என்றான். அவர் தோள்மேல் ஏற்றிக்கொண்டார். நூறு அடி செல்லுமுன் பிள்ளை அவர் தலைமேல் சாய்ந்து உறங்கிப்போனான். தந்தை அதன்பின் ஊர் வரும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைப் பிறர் காண வேண்டாம் என்று எண்ணினார் போலும். பாட்டி மட்டும் பின்னாலிருந்து செபமாலையை மெல்லத் தொடங்க, பிள்ளை விழிக்காத குரலில் நாமும் மறுமொழி சொல்லி நடந்தோம்.

நிற்க. அவ்வழி செல்ல விரும்பும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். மழைக்காலத்தை ஒட்டிய திங்கள்களே ஏற்றவை. கோடையில் வெறும் பாறையே மிஞ்சும். விடியலிலேயே புறப்படுங்கள். ஈரப் பாறை வழுக்கும். மலையில் மழை பெய்தால் ஓடைநீர் திடீரெனப் பெருகும். பிள்ளைகளைத் தனியே நீரில் இறக்காதீர்கள். காட்டின் உட்பகுதிக்குள் வனத்துறையினரின் இசைவின்றிச் செல்லலாகாது. கொண்டுசென்ற நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இவை அனைத்தினும் மேலாக, இத்தனை மணிக்கு இவ்விடம் என்ற கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

தன் மக்களுக்கு நடை பயிற்றியவர் என்றும், பாலைநிலத்தில் தந்தை மகனைச் சுமப்பதுபோல் சுமந்து வந்தவர் என்றும் நம் இறைவனைப் பற்றித் திருநூல் பேசுகிறது. நம் நடைக்கேற்ப அவர் தம் நடையைக் குறைத்துக்கொண்டதால் அன்றோ நாம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்!

தந்தை குறித்த நாளில் விமானம் ஏறினார். ஒப்பந்தம் முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதன்பின் ஊரிலேயே தொழில் தேடப்போவதாக நம்மிடம் சொல்லிச் சென்றார். தாயின் வினாவுக்கு நம்மிடம் இன்றும் விடை இல்லை. அக்குடும்பத்தை நாள்தோறும் திருப்பலியில் நினைக்கிறோம். சென்ற ஞாயிறன்று பாட்டி கோயில் வாயிலில் நம்மைக் கண்டு ஒரு செய்தி சொன்னார். இப்போதெல்லாம் கைப்பேசி மணி அடித்தால் பிள்ளையே ஓடிச்சென்று எடுக்கிறானாம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றேயாம்: "அணை உடைஞ்சிருக்குமாப்பா?"

உடைந்திருந்தால் வந்து சேர்ந்து கட்டலாம் என்று அங்கிருந்து மறுமொழி வருகிறதாம்.