பொன்மணலும் புதிய முகங்களும்

தமிழன் பொன்னை வெறும் உலோகமாக மட்டும் பார்த்தவன் அல்லன். நல்ல மனத்தைப் பொன்மனம் என்றான். நல்ல நாளைப் பொன்னாள் என்றான். தன்னை ஊட்டி வளர்த்த ஆற்றைப் பொன்னி என்று அழைத்தான். அந்தப் பொன்னியின் நாட்டிலிருந்து நெடுந்தொலைவு வந்து, இரும்பை உருக்கும் நகரத்தில் குடியேறிய எங்களுக்கு இங்கும் ஒரு பொன்னாறு வாய்த்தது. ஜம்ஷெட்பூரை ஒட்டி ஓடும் சுவர்ணரேகா என்னும் ஆற்றின் பெயருக்குப் பொற்கோடு என்பது பொருள். ராஞ்சிக்கு அருகே பிறந்து, ஹுண்ட்ரு என்னுமிடத்தில் 98 மீட்டர் உயர அருவியாக வீழ்ந்து, எங்கள் நகரில் கர்க்காய் ஆற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, மேற்கு வங்கத்தையும் ஒடிசாவையும் தொட்டு வங்கக் கடலில் கலக்கும் ஆறு அது. அப்பெயர் வெறும் புகழுரையன்று. அதன் மணலில் மெய்யாகவே பொன்துகள் உண்டு.

மழை ஓய்ந்து நீர் வற்றும் குளிர்காலத்தில், ஆற்றின் வளைவுகளிலும் பாறையிடுக்குகளிலும் பழங்குடிப் பெண்கள் மரத்தட்டோடு குனிந்து நிற்பதைக் காணலாம். மணலைத் தட்டில் அள்ளி, நீரில் அமிழ்த்தி, வட்டமாகச் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். எளிய மணல் விளிம்பைத் தாண்டி வழிந்தோடும். கனத்தது அடியில் தங்கும். நீரைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமுடையது மணல்; இரும்புச் சத்துள்ள கருமணல் ஐந்து மடங்கு; பொன்னோ பத்தொன்பது மடங்கு. இந்த ஒரு வேறுபாட்டை நம்பியே அந்தப் பெண்களின் பிழைப்பு நடக்கிறது. நம் வீட்டில் அரிசி களைந்து கல் நீக்கும் கைப்பக்குவத்திற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. நாள் முழுதும் அலசினாலும் எள்முனையளவில் ஒன்றிரண்டு துகள்கள் கிடைத்தால் அது நல்ல நாள்.

எங்கள் சங்கத்தைச் சேர்ந்த நாலைந்து குடும்பங்கள் குளிர்கால ஞாயிறுகளில் கட்டுச்சோற்றோடு ஆற்றுக்குச் செல்வதைப் பல்லாண்டுகளாக வழக்கமாகக் கொண்டுள்ளோம். முதலில் வேடிக்கை பார்த்தோம். பின்னர் அந்தப் பெண்களிடமே தட்டைப் பிடிக்கக் கற்றோம். ஒன்றை இங்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி, உரிமம் இன்றிக் கனிமம் தேடவோ எடுக்கவோ நம் நாட்டில் எவருக்கும் இசைவில்லை. ஆதலின் நாங்கள் பொன் எடுப்பவர்கள் அல்லோம், அலசிப் பார்ப்பவர்கள். தட்டின் அடியில் மஞ்சள் துகள் ஒன்று மின்னினால் குழந்தைகள் கூச்சலிடுவார்கள். அடுத்த கணம் அது தட்டுக்குரிய பெண்மணியின் சிமிழுக்குப் போய்விடும். கண்ட மகிழ்ச்சி எங்களுக்கு, கண்ட பொருள் அவர்களுக்கு என்பதே எங்களுக்குள் உள்ள உடன்பாடு.

பொன்னைத் தேடி ஊர்விட்டுப் போவது தமிழருக்குப் புதிதன்று. கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தவர்களுள் மிகப்பெரும்பாலோர் வடஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களே. 1880 முதல் முறையாக நடந்துவந்த அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. எங்களுள் ஒரு குடும்பம் அதன்பின் இங்கு வந்து சேர்ந்த குடும்பம். அந்த வீட்டுப் பெரியவர் ஒருமுறை சொன்னார்: “நாங்கள் வேலை முடிந்து மேலே ஏறி வந்ததும் எங்களைச் சோதித்த பிறகுதான் வீட்டுக்கு விடுவார்கள். நேற்றுப் பார்த்த அதே காவலர். முப்பது ஆண்டு பழகிய முகம். ஆனாலும் சோதனைதான். பொன் நடுவில் வந்துவிட்டால் அறிந்தவரும் அந்நியரே.” அவருடைய சொல்லை நாங்கள் பின்னர் ஆற்றங்கரையில் பலமுறை நினைத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம். நகரிலிருந்து சற்றுத் தள்ளிய ஒரு வளைவில் இரண்டு குடும்பத்தார் மட்டும் இருந்தோம். நண்பகல் கடந்திருந்தது. இரண்டு மோட்டார் சைக்கிள்களில் மூன்று இளைஞர்கள் வந்து, எங்கள் வண்டிக்கு முன்னால் அவற்றை நிறுத்தினார்கள். கரையில் நின்றபடியே ஒருவன் இந்தியில், “எவ்வளவு கிடைத்தது?” என்று கேட்டான். மற்றொருவன் மணலில் இறங்கி வந்து, எங்கள் பெண் ஒருத்தியின் கையிலிருந்த கண்ணாடிக் குப்பிக்காகக் கை நீட்டினான். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது.

ஓடவும் இல்லை, சினந்து பேசவும் இல்லை. அவளைத் தாய் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, எங்களுள் மூத்தவர் குப்பியை வாங்கி வெயிலில் உயர்த்திக் காட்டினார். அதில் இருந்தது நீரும் கருமணலும். “பிள்ளைகளின் விளையாட்டு, தம்பி. பொன்னெல்லாம் இவர்களுடையது” என்று, சற்றுத் தொலைவில் அலசிக்கொண்டிருந்த பெண்களைச் சுட்டினார். அவர்களுள் நாங்கள் ‘மௌசி’ என்று அழைக்கும் மூதாட்டி தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். சந்தாலி மொழியில் அந்த இளைஞர்களிடம் ஏதோ கேட்டார். சொற்கள் எங்களுக்குப் புரியவில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதாகப் பின்னர் சொன்னார். மூவரின் முகமும் மாறியது. ஒருவன் சிரித்தான், மற்றவன் தரையைப் பார்த்தான். வண்டிகள் புறப்பட்டுச் சென்றன.

அவர்கள் தீய எண்ணத்தோடு வந்தவர்களா, வெறும் ஆவலால் வந்தவர்களா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு எங்கள் வீடுகளில் எழுந்த வழக்கு அதைப் பற்றியதன்று. இனி ஆற்றுக்குப் போகவே வேண்டாம் என்றனர் சிலர். போகலாம், பெண்பிள்ளைகளை மட்டும் அழைத்துச் செல்ல வேண்டாம் என்றனர் வேறு சிலர். இந்த இரண்டாம் தீர்ப்பு எல்லோருக்கும் எளிதாக இருந்தது; ஏறத்தாழ முடிவாகியும் விட்டது. அப்போது அந்தப் பெண் கேட்டாள்: “குப்பியைக் கேட்டது அவர்கள். வீட்டில் இருக்க வேண்டியது நானா?”

யாரிடமும் உடனே விடை இல்லை. அயலூரில் வாழ்பவர்களுக்கு அச்சம் இரட்டிப்பு. மொழி நமதன்று, காவல் நிலையத்தில் நம்மை அறிந்தவர் இலர், ஒன்று நேர்ந்தால் ஓடிவரப் பங்காளிகள் இலர். ஆகவே நாம் வேலி போடுகிறோம். அந்த வேலி எப்போதும் நம் பெண்பிள்ளைகளைச் சுற்றியே போடப்படுகிறது. அச்சம் நியாயமானது என்பதால் வேலி போட்ட இடமும் நியாயமானதாகிவிடுமா? அன்றிரவு அதைத்தான் நள்ளிரவு வரை பேசினோம். இறுதியில், போவது என்றும், எல்லோரும் போவது என்றும், ஆனால் இன்ன முறைப்படிதான் போவது என்றும் முடிவு செய்தோம். ஒரு குடும்பத்தார் மட்டும் அதன்பின் வரவில்லை. அவர்களை நாங்கள் குறை சொல்வதில்லை.

எங்களுள் ஒருவருடைய மகன் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறார். அங்கே பொழுதுபோக்காகப் பொன் தேடுவது சட்டப்படி உரிமையுள்ள செயல். 1854இல் பல்லாரட் நகரில் உரிமக் கட்டணத்தை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்ததன் பயனாக, மறு ஆண்டில் ‘சுரங்கத்தார் உரிமை’ என்னும் சீட்டு வந்தது. இன்றும் அச்சீட்டைப் பெறுபவர் பத்தாண்டுக் காலம், அனுமதிக்கப்பட்ட அரசு நிலங்களில் கைக்கருவிகளால் தேடலாம். கண்டது அவருக்கே சொந்தம். அந்த மாநிலத்தில்தான் 1869இல், தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே, உலகில் இதுவரை கண்டறியப்பட்ட ஆற்றுமண் பொன்கட்டிகளுள் மிகப் பெரியது கிடைத்தது. 70 கிலோவுக்கு மேற்பட்ட பொன்! நிறுக்கத் தராசு இல்லாமல் கொல்லன் பட்டறைக் கல்லில் வைத்து உடைத்தார்களாம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘வருக அந்நியனே’ என்பது. மண்ணிலிருந்து வந்த அந்நியனை வரவேற்பது எளிது. மண்மேல் நடந்து வரும் அந்நியனிடம் எப்படி நடந்துகொள்வது என்பதே கேள்வி.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் நடந்ததை எழுதினோம். ஆள் அரவமற்ற காடுகளில் தேடும் அங்குள்ளவர்கள் கடைப்பிடிக்கும் சில முறைகளை அவர் எழுதி அனுப்பினார். நம் ஊர் அறிவையும் மௌசியின் அறிவுரையையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டோம்.

புறப்படுமுன், எந்த வளைவுக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிடுகிறோம். குறித்த நேரத்திற்கு ஒரு மணி கடந்தால் அவர் தேடத் தொடங்க வேண்டும். தனியே ஒருவரும் போவதில்லை. பொழுது சாயுமுன் கரையேறிவிடுகிறோம். வண்டியைப் பிறர் மறிக்க இயலாதவாறு, சாலையை நோக்கித் திருப்பியே நிறுத்துகிறோம். நகை அணிந்து செல்வதில்லை. மேலே சாண்டில் அணையில் நீர் திறக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டால் அன்று ஆற்றில் கால் வைப்பதில்லை. மனிதரினும் வெள்ளம் விரைவாக வரும்.

முன்பின் அறியாதவர் எவரேனும் வந்தால், அவர் நெருங்குமுன் நாங்களே வணக்கம் சொல்கிறோம். ‘ஜோஹார்’ என்னும் ஒரு சொல் இந்தப் பகுதியில் பல கதவுகளைத் திறக்கும். பேசுகையில் எழுந்து நின்று, எட்டிப் பிடிக்க இயலாத இடைவெளி விட்டுப் பேசுகிறோம். பெயர் கேட்டால் சொல்கிறோம். தெரு கேட்டால் சொல்வதில்லை. எவ்வளவு கிடைத்தது என்ற கேள்விக்கு எங்களிடம் உண்மையான விடை ஒன்றே: எங்களிடம் ஒன்றுமில்லை. வெறுங்கையனிடம் பறிக்க ஏதுமில்லை என்பதைப் போன்ற காவல் வேறில்லை. மனம் ஒப்பவில்லை என்று குழந்தைகளுள் ஒருவர் சொன்னாலும், காரணம் கேட்காமல் கிளம்பிவிடுகிறோம்; காரணத்தை வீட்டுக்கு வந்து பேசிக்கொள்ளலாம்.

பறிக்க வருபவர் மட்டுமல்லர், கொடுக்க வருபவரும் உண்டு. “நிலம் தோண்டும்போது கிடைத்தது, கடையில் விற்க அச்சமாக இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்” என்று சொல்லி மணிமாலையை நீட்டும் ஏமாற்று, இந்தியாவின் எந்த நகரத்திலும் நடப்பது. சோதித்துப் பார்க்க அவர் கழற்றித் தரும் ஒரு மணி நல்ல பொன்னாகவே இருக்கும், எஞ்சியவை பித்தளை. உரைகல் பொய் சொல்லாது. ஆனால் உரைப்பதற்கு எதைத் தருவது என்பதை விற்பவர் தேர்ந்தெடுத்தால் உரைகல் என்ன செய்யும்? ஆற்றோரத்தில் பொன்தூள் விற்க வருபவருக்கும் எங்கள் விடை ஒரு வணக்கம் மட்டுமே.

இந்த முறைகளையெல்லாம் திரும்பப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. இவற்றுள் எதுவும், வருபவர் நல்லவரா கெட்டவரா என்று நம்மைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வதில்லை. நல்லவர் வந்தாலும் வண்டி சாலையை நோக்கித்தான் நிற்கும். அதனால் அவருக்கு இழுக்கில்லை. எச்சரிக்கை வேறு, ஐயம் வேறு. எச்சரிக்கை நம் நடையைத் திருத்துகிறது. ஐயம் பிறர் முகத்தைக் கறுப்பாக்குகிறது. ஆடையையும் மொழியையும் நிறத்தையும் பார்த்து இவர் ஆகாதவர் என்று முடிவு கட்டியிருந்தால், மௌசியையே நாங்கள் முதல் நாள் விலக்கியிருப்போம்.

மேலும், அந்த ஆற்றங்கரையில் அந்நியர் யார்? இரும்பாலை இங்குத் தொடங்கப்படுமுன்பே அந்தப் பெண்களின் முன்னோர் அந்த மணலை அறிவர். ரயிலிலிருந்து பெட்டியோடு இறங்கி, வழி கேட்க மொழியறியாது நின்றவர்கள் நாம். அன்று யாரோ ஒருவர் நம் முகத்தைப் பார்த்து அஞ்சாமல் வழி காட்டினார். அவரவர் குடும்பத்தில் அத்தகைய ஒருவரைப் பற்றிய கதை இல்லாத தமிழர் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள்.

அன்று கேள்வி கேட்ட பெண் இன்று நன்றாகச் சந்தாலி பேசுகிறாள். யார் வந்தாலும் ஊர் கேட்கும் பொறுப்பு இப்போது அவளுடையது. வரும் குளிர்காலத்தில் எங்களோடு வர விரும்பும் சங்கத்து அன்பர்கள் தாராளமாக வரலாம். கட்டுச்சோறு நாங்கள் கொண்டுவருகிறோம். நகைகளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். போகுமிடத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பெண்பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.