முதுகும் முகமும்



1867-இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் போட் கிளப்பின் படகுகள் அடையாற்றில் செல்வதைக் காணும்போதெல்லாம் ஒன்று என்னைச் சிந்திக்க வைக்கிறது. துடுப்பு வலிப்போர் தாம் செல்லும் திசைக்கு முதுகு காட்டியே அமர்கின்றனர்.

பன்னாட்டு விதிப்படி, 18 வயது நிறையும் ஆண்டோடு இளையோர் பிரிவு முடிகிறது. அத்துடன் துடுப்பை வைத்துவிடுவோர் உண்டு. பயிற்றுநராகத் திரும்பி வருவோரும் உண்டு. அதுவரை முன்னிருப்பவரின் முதுகையே கண்டவர், பின்தொடரும் விசைப்படகிலிருந்து பிள்ளைகளின் முகங்களைக் காண்கிறார். துடுப்பு நீரில் சிக்கித் தடுமாறும் சிறுவனின் அச்சம் அவருக்குப் புரியும். அவர் உள்ளங்கையும் கொப்புளம் கண்டதன்றோ? எனினும் அவனுக்காக இவர் துடுப்பு வலிக்க இயலாது. பொறுமையோடு சொல்லித் தரலாம், உடன் செல்லலாம்.

பதினெட்டைக் கடந்த நம் இளையோரே, உங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளின் முகங்களை நீங்கள் பார்த்ததுண்டா?