பின் ஆசனத்துக் கேள்விகள்

சுவீடன் நாட்டுச் சட்டப்படி 135 சென்ரிமீற்றர் உயரத்தை எட்டாத பிள்ளை, வாகனத்தில் தனக்கென வைக்கப்பட்ட மேலதிக ஆசனத்தில்தான் அமர வேண்டும். எனது மகனுக்கு வயது ஒன்பது. உயரம் 128. புத்தளத்தில் எனது மோட்டார் சைக்கிளில் எனக்கும் அவனது உம்மாவுக்கும் இடையில் இடுங்கிக்கொண்டு பயணம் செய்து பழகியவன். "இது குழந்தைப் புள்ளைகள் இரிக்கிற கதிரை" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எட்டு வயதான தம்பியின் மகள் எதுவும் பேசாமல் தனது ஆசனத்தில் ஏறிப் பட்டியை மாட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்த பிறகுதான் இவனும் ஏறினான்.

கடந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் அது. தம்பி சுவீடனின் கொதன்பேர்க் நகரில் பஸ் சாரதி. பல வருடங்களாக அழைத்துக்கொண்டிருந்தவர், கடைசியில் பயணச்சீட்டையும் அனுப்பிவிட்டார். கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு, ஏழு பேர் அமரக்கூடிய வாகனத்தில் சுவீடன், நோர்வே என்று சுற்றிக் காட்டினார். நான் பார்த்தவற்றை எழுதுவதற்கு எத்தனையோ பயண நூல்கள் வழி காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தப் பயணம் முழுவதும் எனது காது பின் ஆசனத்திலேயே இருந்தது. ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது, பியாஜே என்ற அறிஞர் பிள்ளைகளின் கேள்விகளிலிருந்தே அவர்களது சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்தார் என்று குறிப்பு எழுதிப் பரீட்சைக்கும் விடை எழுதினேன். அதன் பொருள் அந்தப் பாதைகளில்தான் எனக்கு ஓரளவு விளங்கியது.

முதலாவது கேள்வி டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் ஒரசுண்ட் பாலத்தில் வந்தது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்ட அப்பாதை, கொப்பன்ஹேகன் பக்கத்தில் கடலுக்கு அடியில் புகுந்து நான்கு கிலோமீற்றர் ஓடி, மனிதர் கட்டிய ஒரு தீவில் வெளியே வந்து, அங்கிருந்து ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர் நீளமான பாலமாக உயர்கிறது. விமானங்கள் தாழப் பறக்கும் இடத்தில் உயர்ந்த தூண்கள் கூடாது என்பதாலும் கப்பல் பாதை தடைப்படக் கூடாது என்பதாலும்தான் இப்படிச் செய்தார்களாம். மகன் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கடல்ல கோடு கீறியிரிக்கா சாச்சா? எந்த எடத்துல மற்ற நாடு?" என்று கேட்டான். சாச்சாவுக்குச் சிரிப்பு. பாலத்தின் மறு கரையில் பொலிஸார் எங்கள் கடவுச்சீட்டுகளை வாங்கிப் பார்த்தார்கள். 2015இல் அகதிகள் பெருந்தொகையாக வந்ததன் பின்னர் ஏற்பட்ட நடைமுறை இது, அதற்கு முன்னர் எவரும் நிறுத்துவதில்லை என்று தம்பி சொன்னார். மகனுக்கு அதில் திருப்தி. எல்லை என்றால் ஒருவர் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவனது கணக்கு.

கொதன்பேர்க்கில் சில நாட்கள் தங்கிய பின் வடக்கே புறப்பட்டோம். இருபுறமும் காடு, காட்டோரமாக நீண்ட கம்பி வேலி. பெரிய கொம்புகளையுடைய ஒரு மிருகத்தின் படம் போட்ட முக்கோணப் பலகைகள் அடிக்கடி வந்தன. 'எல்ய்' என்று அதற்குச் சுவீடிய மொழியில் பெயர். குதிரையை விட உயரமான மான் இனம். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் அவற்றுடன் மோதுகின்றன. "எங்கட அனுராதபுர ரோட்டுல யானைப் போர்ட் இரிக்கே, அது மாதிரி" என்று மகன் தனது சாச்சாவின் மகளுக்கு விளக்கினான். அவள் தமிழை விளங்கிக்கொள்வாள். பதில் மட்டும் சுவீடிய மொழியில் வரும்.

அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஐந்து பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் கிடைத்தால் வீட்டு மொழியைக் கற்பிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் நாட்டில் மொழியின் பெயரால் எத்தனை நடந்திருக்கிறது என்பதை நினைத்தால், ஐந்து பிள்ளைகளுக்காக ஓர் அரசு தமிழ் ஆசிரியரைத் தேடுவது பெரிய காரியம்தான். தம்பி இருக்கும் பகுதியில் பிள்ளைகள் சேர்ந்தும் ஆசிரியர் கிடைக்கவில்லையாம். இரண்டு பிள்ளைகளும் முதல் இரண்டு நாளும் கைச்சைகையிலேயே பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் ஒரு காட்டோரத்தில் வாகனத்தை நிறுத்தினோம். செடிகளில் கருநீல நிறத்தில் சிறு சிறு பழங்கள். அவள் குனிந்து ஆயத் தொடங்கினாள். மகன் அசையவில்லை. "யார்ட காணி இது? ஏச மாட்டாங்களா?" என்று என்னைக் கேட்டான். பிறருக்குச் சொந்தமான காட்டிலும் எவரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஓர் இரவு கூடாரமும் அடிக்கலாம். வீட்டு முற்றத்தை நெருங்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது என்பது சுவீடனில் நெடுங்கால வழக்கு. 1994 முதல் அந்நாட்டு அரசியலமைப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. இதை நான் அவனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவனது நாக்கு நீலமாகிவிட்டது. "புளோபேர்" என்றாள் அவள். "நாவப்பழம்" என்றான் இவன், தனது நாக்கை நீட்டிக் காட்டி. அதன் பிறகு பயணம் முடியும்வரை அவளும் அதை நாவப்பழம் என்றே சொன்னாள். ஆசிரியர் இல்லாமல் நடந்த முதலாவது தமிழ்ப் பாடம் அது.

சுவீடனுக்கும் நோர்வேக்கும் இடையில் ஸ்வீனசுண்ட் என்னும் இடத்தில் 2005இல் திறக்கப்பட்ட ஒற்றை வளைவுப் பாலம் இருக்கிறது. ஒரே முடியின் கீழிருந்த அந்த இரு நாடுகளும் 1905இல் போரின்றிப் பிரிந்தன. அதன் நூறாவது ஆண்டில் பாலம் திறந்தார்கள். சுங்கக் கட்டடத்தைத் தாண்டி வாகனம் வேகம் குறைந்து, மீண்டும் வேகம் எடுத்தது. எவரும் கை காட்டவில்லை.

"நாடு மாறிட்டா?"

"மாறிட்டு மகன்."

"யாரும் நிப்பாட்டல்லியே வாப்பா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 1990 ஒக்டோபரில் எனக்கும் ஒன்பது வயது. எங்கள் ஊர் மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அந்த நாட்களில், நாங்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்தோம். எனது வாழ்க்கையின் முதலாவது நீண்ட பயணம் அது. தோணியில் வாப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி ஞாபகம் இருக்கிறது. உம்மா எதையோ முணுமுணுத்து ஓதிக்கொண்டே இருந்தார். தம்பிக்கு நான்கு வயது. உம்மாவின் மடியில் நித்திரையாகிவிட்டார்.

ஒஸ்லோவைத் தாண்டி மேற்கே போகும் பாதையில் லார்டால் சுரங்கம் வருகிறது. 24.5 கிலோமீற்றர் நீளம். உலகின் மிக நீளமான வீதிச் சுரங்கம். 2000ஆம் ஆண்டு திறந்தார்கள். இருபது நிமிடம் மலைக்குள்ளேயே ஓட்ட வேண்டும். இருட்டும் ஒரே மாதிரியான சுவரும் சாரதிக்கு அச்சத்தையும் அயர்ச்சியையும் தரும் என்று உளவியலாளர்களைக் கேட்டு, ஏறக்குறைய ஆறு கிலோமீற்றருக்கு ஒன்றாக மூன்று பெரிய குகைகளைக் குடைந்து, நீல ஒளி பாய்ச்சி, அடியில் மஞ்சள் ஒளி வைத்திருக்கிறார்கள். முதலாவது குகை வந்ததும் மகன், "சுபஹு மாதிரி இரிக்கி" என்றான். இரவு ஒன்பது மணிக்கும் வெயில் எறிக்கும் அந்த ஊர்களில், மஃரிபுக்கு முன்னமே நித்திரை வருகிறதே என்று குழம்பிப்போயிருந்தவனுக்கு, மலைக்குள்ளே ஒரு விடியல் கிடைத்தது.

இரண்டாவது குகைக்கு முன் அவன் கேட்டான்: "வாப்பா, நீங்க எனக்கிட்ட வயசுல எங்க டூர் போனீங்க?"

சொன்னேன். தோணியையும் மழையையும் கற்பிட்டிக் கரையில் எங்களுக்குச் சோறு தந்த மனிதர்களையும் சொன்னேன். பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று சொற்களைத் தேடித் தேடிச் சொன்னேன். முன் ஆசனத்தில் வாகனம் ஓட்டிக்கொண்டிருந்த தம்பி, வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நானா, இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லல்ல" என்றார். சுரங்கம் முடியும்வரை வேறு எவரும் பேசவில்லை.

திரும்பும் வழியில் ஸ்டொக்ஹோமில் 'வாசா' கப்பலைப் பார்க்கப் போனோம். 1628 ஆகஸ்ட் 10ஆம் திகதி, மன்னரின் பெருமைக்காக 64 பீரங்கிகளுடன் கட்டிய போர்க்கப்பல், முதற் பயணத்திலேயே ஏறக்குறைய 1,300 மீற்றர் ஓடிக் காற்றில் சரிந்து மூழ்கியது. மேற்பாரம் கூடிவிட்டது. 333 வருடங்கள் கழித்து, 1961இல் அதை முழுதாகத் தூக்கி எடுத்தார்கள். போல்டிக் கடலில் உப்புக் குறைவு. மரத்தைத் துளைக்கும் கடற்புழு அங்கே வாழாது. அதனால் மரம் பிழைத்தது. எடுத்த பின் வெடித்துவிடாமல் இருக்க 17 வருடங்கள் இரசாயனம் தெளித்தார்கள். தங்கள் தோல்வி ஒன்றுக்கு இவ்வளவு பெரிய வீடு கட்டிக் காப்பாற்றும் மக்களை நான் வியந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மகன் கப்பலைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு என்னிடம் வந்தான்.

"வாப்பா, நீங்க வந்த தோணிய எங்க வெச்சிரிக்காங்க?"

யாரும் வைக்கவில்லை என்றேன். எங்கள் கடலில் மரம் நிலைக்காது என்றும் சொன்னேன். கடற்புழுவைப் பற்றி இப்போதுதான் படித்திருந்ததால் அவன் அதை ஏற்றுக்கொண்டான். ஆனால் அது பாதி உண்மைதான். அந்தத் தோணி யாருடையது, அதற்குப் பெயர் இருந்ததா, ஓட்டியவர் யார் என்பதெல்லாம் வாப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் மௌத்தாகிப் பன்னிரண்டு வருடங்களாகின்றன. உம்மாவுக்கு இப்போது எங்கள் பெயர்களே மாறிப்போகின்றன. பெயரைத் தின்பதற்குக் கடற்புழு தேவையில்லை.

ஊர் திரும்பிய பின், நூற்றியிருபது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். பாடசாலை விட்டதும் எங்கள் குடியிருப்பிலுள்ள முதியவர்களிடம் போகிறேன். சில நாட்களில் மகனும் வருகிறான். எந்தத் தோணி, யார் ஓட்டினார், எந்தக் கரையில் இறங்கினீர்கள் என்று அவன்தான் கேட்கிறான், நான் எழுதுகிறேன். நான் கேட்டால் அழுகிறவர்கள், அவன் கேட்டால் கதை சொல்கிறார்கள். இதுவரை பதினொரு தோணிகளின் விபரம் கிடைத்திருக்கிறது. எங்களுடையது இன்னும் கிடைக்கவில்லை.